ஆம்போரா ஜாடிகளைப் பார்க்க இத்தாலி போகிறவர்களுக்கு: விசா முதல் சில்லு மலை வரை

பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன்சாறு எல்லாவற்றையும் அடைத்துக் கப்பலேற்றிய மண் ஜாடிகளைப் பற்றிப் படித்துவிட்டு, இவற்றை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் மாணவர், ஆசிரியர், அரிக்கமேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆர்வம் வந்தவர், யாராக இருந்தாலும் சரி. கொலோசியத்தில் எந்த வாசலில் வரிசை குறைவு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜாடி பார்க்கப் போகிறவர் எதை முதலில் பதிவு செய்ய வேண்டும், எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும், என்ன செலவாகும் என்று ஓரிடத்தில் சொல்லும் ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. பதில் வராத மின்னஞ்சல்களுக்குக் காத்திருந்து, மூடிய கதவுகளின் முன் நின்று, துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. இங்கே உள்ளவற்றைத் திட்டமிட மட்டும் வைத்துக்கொண்டு, காசு கட்டுமுன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. கிளம்பும் முன் சில வடிவங்களை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் போனால் எவ்வளவு செலவழித்தாலும் வீண். அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் ஜாடிகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். வடிவம் தெரிந்தவருக்கு அதே வரிசை ஒரு துறைமுகமாகத் தெரியும். இது ஸ்பெயின் எண்ணெய், அது இத்தாலி மது, கடைசியில் சாய்ந்து நிற்பது துனிசியாச் சரக்கு என்று பெயர் சொல்ல வந்துவிடும்.

இதற்குக் காசு வேண்டாம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் தொகுத்த 'ரோமன் ஆம்போரே: எ டிஜிட்டல் ரிசோர்ஸ்' என்ற தரவுத்தளம் ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் படம், வரைபடம், எந்த ஊர் மண், என்ன அடைத்தார்கள் என்று தனிப் பக்கமே உண்டு. முழுவதையும் படிக்கப் போகாதீர்கள், தலை சுற்றும். முதலில் இவை போதும்.

ட்ரெஸ்ஸல் 1: இத்தாலியின் மேற்குக் கரையில் செய்த உயரமான மது ஜாடி. தடித்த சுவர், செங்குத்தாகப் பட்டை போட்டதுபோன்ற விளிம்பு, நீண்டு நேராக இறங்கும் கைப்பிடிகள். வெற்று ஜாடியே 25 கிலோ எடை. உள்ளே பிடிப்பதும் ஏறக்குறைய 25 லிட்டர்தான். அதாவது மதுவைத் தூக்குவதற்கு அதே அளவு மண்ணையும் சேர்த்துத் தூக்கினார்கள்.

ட்ரெஸ்ஸல் 2-4: அதற்குப் பின் வந்த மெல்லிய மது ஜாடி. கிரேக்கத் தீவான கோஸின் ஜாடியைப் பார்த்துச் செய்தது. கைப்பிடிதான் அடையாளம்: இரண்டு மண் உருளைகளைச் சேர்த்து ஒட்டியதுபோல நடுவில் பள்ளத்தோடு இருக்கும். உடைந்த கைப்பிடி ஒன்று கிடைத்தாலே வகையைச் சொல்லிவிடலாம். அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராச் சில்லுகளில் இந்த வகைதான் முக்கியமானது, அதனால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கின்றன. இத்தாலிக்குப் போகும் முன் அங்கே ஒரு நடை போய் வருவது நல்லது.

ட்ரெஸ்ஸல் 20: தென் ஸ்பெயினில், குவாதல்கிவிர் ஆற்றங்கரைகளில் செய்த எண்ணெய் ஜாடி. பூசணிபோல உருண்டை, குட்டைக் கழுத்து, தடித்த கைப்பிடி. காலியாக 30 கிலோ, எண்ணெய் நிரப்பினால் 100 கிலோவை ஒட்டி வரும். ரோமில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது இதைத்தான்.

மீன்சாறு ஜாடிகள் அகலமாக விரிந்த வாயும், உள்ளே குடைவான நீண்ட அடிமுனையும் கொண்டவை. ட்ரெஸ்ஸல் 7 முதல் 11 வரையுள்ள எண்களில் வரும். பிரான்ஸின் தென்பகுதியில் செய்த மது ஜாடியான கோல்வாஸ் 4 தட்டையான அடியோடு தானாகவே தரையில் நிற்கும். வட ஆப்பிரிக்க ஜாடிகள் நீளமான குழாய்போல இருக்கும்.

ட்ரெஸ்ஸல் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹைன்ரிஷ் ட்ரெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1899-இல் வெளியிட்ட அட்டவணையில் கொடுத்த வரிசை எண்கள் அவை, அவ்வளவுதான்.

வடிவத்தோடு மண்ணையும் பாருங்கள். வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து ஜாடிகளின் உடைந்த ஓரத்தில் கருமணல் தூவியதுபோலக் கறுப்புத் துகள்கள் மின்னும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றே கண்டுபிடித்துவிடலாம். உட்புறம் கறுப்பாகப் பூச்சு தெரிந்தால் அது பைன் மரப் பிசினைக் காய்ச்சிப் பூசியது. சுட்ட மண் கசியும் என்பதால் மது ஜாடிகளுக்கும் மீன்சாறு ஜாடிகளுக்கும் அப்படிப் பூசினார்கள். எண்ணெய் ஜாடிகளில் பெரும்பாலும் அந்தப் பூச்சைப் பார்க்க முடியாது.

2. சில்லு மலையை முதலில் பதிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

ரோம் நகரில் மோந்தே தெஸ்தாச்சோ என்ற மலை இருக்கிறது. ஏறக்குறைய 35 மீட்டர் உயரம், சுற்றி வந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். முழு மலையும் உடைந்த ஜாடிகள்தான். அதில் கொட்டப்பட்ட ஜாடிகள் 5 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பகுதி ட்ரெஸ்ஸல் 20. ஆம்போரா பார்க்க ஒரே ஓர் இடம் போகலாம் என்றால் நான் இங்கேதான் போகச் சொல்வேன்.

ஆனால் இது டிக்கெட் வாங்கி நுழையும் இடம் இல்லை. நிகோலா ஸபாலியா தெரு 24-ஆம் எண்ணில் உள்ள வாயிற்கதவு சாதாரண நாட்களில் பூட்டியே இருக்கும். ரோம் மாநகராட்சியின் 060608 என்ற தகவல் எண்ணில் முன்பதிவு செய்தவர்களுக்கும், வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கும் மட்டும் திறப்பார்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அழைத்தால் முன்னால் 39-ஐ நாட்டு எண்ணாகச் சேர்க்க வேண்டும், 06-இல் உள்ள பூஜ்யத்தை விடக்கூடாது. தனியாகப் போகிறவர்கள் ரோமில் உள்ள பண்பாட்டுச் சங்கங்கள் நடத்தும் குழுப் பயணத்தில் ஓர் இடம் கேட்டுச் சேர்வதுதான் எளிது. அவர்கள் தேதியை மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பார்கள், பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் இருக்கும். விளக்கம் இத்தாலிய மொழியில்தான் என்று எதிர்பார்த்துப் போங்கள். வடிவங்களைப் பழகியவருக்கு அது பெரிய தடையில்லை. நுழைவுக்கட்டணம் சில யூரோதான், வழிகாட்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதனால்தான் சொல்கிறேன்: விமானம், தங்குமிடம் எல்லாம் முடித்துவிட்டு மலையைக் கேட்காதீர்கள். உங்கள் பயணத்தில் இரண்டு வார இறுதிகள் வருமாறு நாட்களைத் தேர்ந்துகொண்டு, குறைந்தது இரண்டு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் ஒரு வாரம் விட்டு மறுபடியும் அனுப்புங்கள், கூடவே தொலைபேசியிலும் பேசுங்கள். ஆங்கிலத்தில் நீளமாக எழுதுவதைவிட, இத்தாலிய மொழியில் நான்கு வரி எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலியே போதும். ஆகஸ்ட் மாதத்தில் எதையும் கேட்காதீர்கள், 15-ஆம் தேதி விடுமுறையை ஒட்டி நாடே பாதி மூடிக்கிடக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர், இவைதான் நல்ல காலம்; ஓஸ்தியா, பொம்பெயி என்ற பழைய ரோம நகர இடிபாடுகளில் நிழல் குறைவு என்பதால் கோடையில் நடக்கவே முடியாது.

3. விசாவும் காகிதங்களும்

குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பி வராது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள் முன்பு. முடிவுக்கு வழக்கமாக 15 நாள் என்பார்கள், 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடம் உண்டு. உண்மையில் தாமதம் ஆவது அதற்கும் முன்னால், நேரில் வரச் சொல்லும் தேதி கிடைப்பதில்தான். கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் தேதியே கிடைக்காது. அதனால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

கையோடு இருக்க வேண்டியவை: பத்து ஆண்டுகளுக்குள் வழங்கிய, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும், இரண்டு பக்கம் காலியாக உள்ள பாஸ்போர்ட், குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு, தங்குமிடப் பதிவு, விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புக் கடிதம், மாணவர்களுக்குக் கல்லூரிச் சான்று, புகைப்படம். இதோடு ஒரு பக்கத்தில் நாள்வாரியான பயணத் திட்டமும் வையுங்கள். அதில் மலைக்கான பதிவு உறுதி வந்திருந்தால் அதன் நகலையும் சேருங்கள், பயணத்துக்கு ஒரு தெளிவான காரணம் இருப்பது அதில் தெரியும்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, இத்தாலியோடு கிரீஸுக்கும் போகிறவர்கள்: ஒரே விசா இரண்டுக்கும் போதும், ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் இறங்கும் நாடு. இரண்டு, பயணக் காரணத்தில் 'ஆய்வு' என்று எழுதுவது. அருங்காட்சியகங்களையும் அகழ்விடங்களையும் பார்க்கப் போவது சுற்றுலாதான், அப்படியே எழுதுங்கள். ஆய்வு என்று எழுதினால் அங்குள்ள நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தைக் கேட்கலாம். அது உங்களிடம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

விசா வரும்வரை திருப்பித் தர முடியாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள்.

4. எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும்

பிரமிதே என்ற மெட்ரோ நிலையத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லு மலை நடக்கும் தூரம். ஓஸ்தியா போகும் ரயில் பக்கத்தில் உள்ள போர்த்தா சான் பாவ்லோ நிலையத்திலிருந்து கிளம்புகிறது. ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து எஃப்எல்1 ரயில் 8 யூரோவுக்கு அருகிலேயே உள்ள ஒஸ்தியென்சே நிலையத்தில் இறக்கிவிடும். ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினிக்குப் போகும் விரைவு ரயில் 14 யூரோ, அது உங்களுக்குத் தேவையே இல்லை. காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்ட வேண்டும்.

நகருக்குள் ஒரு பயணச் சீட்டு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். வங்கி அட்டையைக் கதவில் தட்டியும் போகலாம். அப்புறம், அறை வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவுக்கும் தலைக்கு நகர வரி என்று சில யூரோ வாங்குவார்கள். இணையத்தில் முன்பதிவு செய்த தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவருக்கும் இலவசம். 18 முதல் 25 வரையான 2 யூரோச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தவருக்குத்தான். இந்தியக் கல்லூரி அடையாள அட்டையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு இடங்கள் எல்லோருக்கும் இலவசம். பணம் மிச்சமாகும், ஆனால் கூட்டம் தாங்காது. ஓஸ்தியா பரந்த இடம் என்பதால் அன்றைக்கு அங்கே போகலாம். பொம்பெயிக்குப் போகாதீர்கள்.

5. மலையில் என்ன பார்ப்பது

மூடிய காலணி அணியுங்கள். கால் வைக்கும் இடமெல்லாம் சில்லு, மழை பெய்த மறுநாள் வழுக்கும். அளவு காட்ட ஒரு சிறிய அட்டையில் சென்டிமீட்டர் கோடு போட்டு எடுத்துப் போங்கள், படம் எடுக்கும்போது பக்கத்தில் பிடிக்க உதவும். வணிகத்துக்கு அல்லாமல் சொந்தத்துக்குப் படம் எடுக்கத் தடையில்லை, ஃபிளாஷும் முக்காலியும் வேண்டாம்.

மேலே ஏறும்போது சரிவில் அடுக்கின் குறுக்குவெட்டைப் பாருங்கள். கண்டபடி கொட்டிய குப்பை இல்லை இது. ஜாடிச் சில்லுகளையே சுவராக எழுப்பி, பின்னால் நிரப்பி, படிப்படியாக உயர்த்தியிருக்கிறார்கள். கெட்டுப்போன எண்ணெய் நாற்றத்துக்காக இடையிடையே சுண்ணாம்பு தூவினார்கள். எண்ணெய் ஊறிய சுவர் சிக்காகி நாறும் என்பதால் இந்த ஜாடியை இன்னொரு பொருளுக்குப் பயன்படுத்த முடியாது. உருண்டையாக இருப்பதால் உடைத்தாலும் வளைந்த துண்டாகத்தான் வரும், தளம் போட உதவாது. அதனால்தான் எண்ணெய் ஜாடிகளுக்கு மட்டும் இப்படி ஒரு மலை.

கைப்பிடித் துண்டு கண்ணில் பட்டால் அதன் மேற்பக்கத்தைப் பாருங்கள். செவ்வகமான முத்திரைக்குள் இரண்டு மூன்று லத்தீன் எழுத்துகள் இருக்கலாம், பெயரின் முதலெழுத்துகள். வீட்டுக்கு வந்ததும் அதே எழுத்துகளை பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் செய்பாக் தரவுத்தளத்தில் தேடினால், வேறு எந்தெந்த ஊர்களில் அதே முத்திரை கிடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 1989 முதல் இந்த மலையைத் தோண்டிய ஸ்பானியக் குழுவின் வேலையோடு சேர்ந்து வளர்ந்த தரவுத்தளம் அது.

எனக்கு இங்கே மிகவும் பிடித்தது தூரிகை எழுத்துகள். ஜாடியின் தோளிலும் வயிற்றிலும் மையால் எழுதிய குறிப்புகள். மலைமேல் அவை கண்ணில் படுவது அரிது, அருங்காட்சியகத்திலும் பதிப்புகளிலும்தான் பார்க்க முடியும். ஆனால் எது எங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மேலே கழுத்துக்கு அருகில் ஓர் எண்: வெற்று ஜாடியின் எடை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் வணிகரின் பெயர். அதற்கும் கீழே இன்னோர் எண்: எண்ணெயின் எடை மட்டும், ரோமப் பவுண்டில் 200-க்கு மேல் இருக்கும், ஒரு ரோமப் பவுண்டு ஏறக்குறைய 327 கிராம். கைப்பிடியை ஒட்டிச் சாய்வாக, பொடி எழுத்தில் சோதனைக் குறிப்பு: எந்த ஊரில் சரிபார்த்தது, யார் பார்த்தது, எந்தக் கான்சல்களின் (ரோமில் ஆண்டுதோறும் மாறும் தலைமை அதிகாரிகள்) ஆண்டு. ஹிஸ்பாலிஸ், அஸ்திகி, கொர்துபா என்று ஊர்ப்பெயர்கள் வரும், அதாவது இன்றைய செவிய்யா, எசிஹா, கோர்தபா. ஆண்டு எழுதிய சரக்குச் சீட்டு ஒவ்வொரு ஜாடியிலும் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நுட்பமாக எழுதிவிட்டு, எண்ணெயை ஊற்றிக்கொண்டதும் ஜாடியை உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

மலைக்குப் பதிவு கிடைக்காமல் போனாலும் மனம் தளர வேண்டாம். மலையைச் சுற்றி நடந்தால் வேலிக்கு அப்பால் சில்லுகள் தெரியும். மலையடிவாரத்தைக் குடைந்து கட்டிய உணவகங்கள் சிலவற்றில் உள்சுவரில் கண்ணாடி வைத்து அடுக்கைக் காட்டுகிறார்கள். காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

6. ரோமுக்குள் இன்னும் இரண்டு இடம்

ட்ராஜன் சந்தை அருங்காட்சியகத்தில் பழைய கடை அறைகளில் முழு ஜாடிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் பழகிய வடிவங்களைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் ரோமில் இல்லை, அதனால் மலைக்கு முந்தைய நாளே இங்கே போய்விடுங்கள். திங்கள்கிழமையும் திறந்திருக்கும் என்பது பெரிய வசதி, ஏனென்றால் மற்ற இடங்கள் பல அன்று மூடியிருக்கும். சிறப்புக் கண்காட்சி நடந்தால் கட்டணம் ஏறும்.

இன்னொன்று ஆப்பியா சாலையில் உள்ள, ரோமப் பேரரசர் மாக்ஸென்ஷியஸின் தேரோட்டத் திடல். திங்கள் விடுமுறை. இருக்கைகளைத் தாங்கிய வளைவுகள் உடைந்த இடத்தில் நிமிர்ந்து பாருங்கள், கான்கிரீட்டுக்குள் முழு முழு ஜாடிகள் புதைந்திருக்கும். எடை குறையவும் பொருள் மிச்சமாகவும் காலி ஜாடிகளை உள்ளே வைத்துக் கட்டினார்கள். குழந்தைகளைப் புதைக்கவும், வடிகால் குழாயாகவும்கூட ஆம்போராவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மறுபயன்பாட்டை இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க இந்தத் திடல்தான் வசதி.

7. ஓஸ்தியா: புதைத்த தாழிகள்

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சாதாரண 1.50 யூரோச் சீட்டிலேயே ரயிலில் போய்விடலாம். நுழைவு 18 யூரோ. திங்கள் மூடியிருக்கும். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே மூடிவிடுவார்கள், கடைசி நுழைவு அதற்கும் ஒரு மணிநேரம் முன்பு. தண்ணீர்க் குப்பி எடுத்துப் போங்கள்.

ஆம்போரா பயணத்துக்கு. ஓரிடத்திலேயே சேமித்து வைக்க தோலியம் என்ற பெருந்தாழி. அருங்காட்சியகக் கட்டடத்துக்கு அருகில் காசெஜ்ஜாதோ தெய் தோலி என்ற இடத்தைத் தேடிப் போங்கள். 35 தாழிகள் கழுத்து வரை மண்ணில் புதைத்தபடியே இருக்கின்றன. வெயில் சூடு உள்ளே போகாமலிருக்கவும், நிரம்பிய தாழி தன் எடையாலேயே பிளந்துவிடாமலிருக்கவும் இப்படிப் புதைத்தார்கள். குனிந்து விளிம்பைப் பாருங்கள்: சிலவற்றில் ரோம எண்கள் கீறப்பட்டிருக்கும், எத்தனை ஆம்போரா கொள்ளும் என்ற கணக்கு. ஆம்போரா என்பது ஏறக்குறைய 26 லிட்டர் கொண்ட ஓர் அளவும்கூட, எனவே 40 என்று இருந்தால் ஆயிரம் லிட்டரைத் தாண்டும். விரிசல் விட்ட இடங்களில் ஈயத்தை உருக்கித் தையல்போல ஒட்டியிருப்பதும் தெரியும். இவ்வளவு பெரிய தாழியைச் சுட்டெடுப்பது லேசான வேலையில்லை, அதனால் உடைந்தால் தூக்கிப் போடாமல் பழுது பார்த்தார்கள்.

அரங்குக்குப் பின்னால் வணிகர் சங்கங்களின் சதுக்கம் இருக்கிறது. தரையில் உள்ள மொசைக் படங்களில் இரண்டு பேரீச்சை மரங்களுக்கு நடுவே ஓர் ஆம்போரா நிற்கும். இன்னொன்றில் கடற்கப்பலிலிருந்து ஆற்றுப்படகுக்கு ஓர் ஆள் தோளில் ஜாடியைச் சுமந்து போவான். அந்தக் கூர் அடி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். தூக்கி ஊற்றும்போது அடியைப் பிடிக்க மூன்றாவது கைப்பிடியாகவும், கப்பலில் கீழ் அடுக்கின் தோள்களுக்கு இடையே மேல் அடுக்கைச் செருகவும் உதவியது.

8. பொம்பெயி போவதானால்

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு விரைவு ரயிலில் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல், முன்கூட்டியே எடுத்தால் மலிவு. அங்கிருந்து சர்க்கும்வெசூவியானா ரயிலில் பொம்பெய் ஸ்காவி நிலையம். பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். அப்பா பெயர் முதலெழுத்தாக இருக்கும் நம்மவர்களுக்கு இதில் குழப்பம் வரும், கவனம். கட்டணம் 20 யூரோவை ஒட்டி இருக்கும்.

நேராகப் பொதுமன்றத்தின் பழைய தானியக் கிடங்குக்குப் போங்கள். கம்பிக்கு அப்பால் அகழ்வில் எடுத்த ஆம்போராக்கள் அடுக்கடுக்காக இருக்கும், கருமணல் மண்ணைப் பக்கத்தில் பார்க்கலாம். மீன்சாற்றுக் கடை என்று வரைபடத்தில் உள்ள வீடும், ஐந்தாம் பகுதியில் 2021-இல் திறந்த உணவுக் கடையும் தினமும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது, நுழைவாயிலில் கேட்டுவிட்டு நடங்கள். அந்த உணவுக் கடையின் மேடையில் பதித்த தாழிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சம் கிடைத்தது. மதுத் தாழி ஒன்றின் அடியில் அரைத்த மொச்சைபோன்ற பருப்பு இருந்தது, மதுவின் நிறத்தையும் சுவையையும் மாற்றப் போட்டது.

நேரம் இருந்தால் பக்கத்து ஊரான போஸ்கோரியாலேயில் வில்லா ரெஜினாவுக்குப் போங்கள். சிறிய பண்ணை வீடு. முற்றத்தில் 18 தாழிகள் புதைத்தபடி இருக்கின்றன, மொத்தம் ஏறக்குறைய 10,000 லிட்டர் மது கொள்ளும். கூட்டமே இருக்காது. பொம்பெயியின் நெரிசலைவிட இங்கே அரை நாள் இருப்பதையே நான் விரும்புவேன்.

கிரேக்க ஜாடிகளுக்கு ஏதென்ஸ் தனிப் பயணம். பழைய சந்தைவெளியில் உள்ள அத்தாலோஸ் மண்டப அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். ரோட்ஸ், க்னிடோஸ், தாசோஸ் ஜாடிகளின் கைப்பிடி முத்திரைகளுக்குப் பேர்போன இடம் அது. ஆயிரக்கணக்கான கைப்பிடிகள் கொண்ட ஆய்வுத் தொகுப்பைப் பார்க்க மட்டும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

9. கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால்

கிடங்கில் உள்ள சில்லுகளைத் தொட்டு அளந்து வரைய, சுற்றுலாப் பயணியாகப் போய்க் கேட்டால் நடக்காது. அந்த இடத்தை நிர்வகிக்கும் தொல்லியல் பூங்காவின் இயக்குநருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கல்லூரிக் கடிதம், பாஸ்போர்ட் நகல், எந்த அகழ்வின் எந்தப் பொருட்கள் வேண்டும் என்ற பட்டியல், எந்தெந்த நாட்கள், படங்களை வெளியிடுவீர்களா என்ற உறுதிமொழி. 'ஆம்போராக்களைப் பார்க்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் பதிலே வராது; வெளியான அகழ்வறிக்கையில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நான்கு முதல் ஆறு மாதம் முன்பே எழுதுவது பாதுகாப்பு. பொருளைப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் படத்தை நூலிலோ இதழிலோ வெளியிடத் தனி அனுமதி வேண்டும்.

10. ஒரு சில்லைக்கூடப் பையில் போடாதீர்கள்

கோடிக்கணக்கில் கிடக்கிறதே, ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றும். தோன்றும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இத்தாலியில் 2022-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி பண்பாட்டுப் பொருளைத் திருடினால் 2 முதல் 6 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு போவது இன்னும் பெரிய குற்றம். விமான நிலையத்தில் பழைய பானை ஓடு எக்ஸ்ரேயில் பட்டால் பையைத் திறந்து கேட்பார்கள். சாலையோரத்தில் யாராவது 'உண்மையான ரோமச் சில்லு' என்று விற்க வந்தால் வாங்கவே கூடாது, விலை பேசிக்கொண்டும் நிற்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எடுத்த இடத்தை விட்டு வந்த சில்லு வெறும் ஓடுதான். எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் தேதியே இருக்கிறது.

நினைவுக்கு ஏதாவது வேண்டும் என்றால் அருங்காட்சியகக் கடைகளில் சிறிய மாதிரி ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதைக் கிழித்துப் போடாமல் ஜாடியோடு சேர்த்தே கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் அடிமுனைதான் முதலில் உடையும்.